வண்டிவீட்டுக் கணக்கு

ஏனுங்க, தமிழுங்களா? நெனச்சேன். டீக்கடைக்காரர்கிட்ட "சக்கரை கம்மி"ன்னு சொன்னீங்க பாருங்க, காது குளுந்து போச்சு. தமிழ்ப் பேச்ச நேர்ல கேட்டு மூணு நாளாச்சுங்க. ஊரு எதுங்க? திருச்செங்கோடா? அட, பக்கத்துல வந்துட்டீங்க. நமக்குக் கோபிங்க. உக்காருங்க, டீ நான் சொல்றேன். வேண்டாங்களா? சரி, அவங்கவங்க டீக்கு அவங்கவங்க குடுத்துக்கலாம், அதுவும் நல்லதுதான்.

போர்வெல் வண்டியக் கொண்டு போயி மகாராஷ்டிராவுல சாங்லியில விட்டுட்டு வெறுங்கையோட திரும்பறீங்களா? அப்ப நீங்க டிரைவரு. ஏனுங்க, சாமி இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்குது.

அவத்த பாருங்க, காத்தடிக்கிற எடத்துக்குப் பக்கத்துல, மரத்தடியில ஒரு வெள்ளை வண்டி நிக்குதுங்களா? நம்முதுதான். வண்டின்னு சொல்லப்படாது, வீடு. உள்ள கட்டில் இருக்குது, அடுப்பு இருக்குது, பாத்திரம் கழுவற தொட்டி, மேல தண்ணி டேங்கு, ரண்டு பேன். கரூர்ல சொல்லிச் செஞ்சது. எல்லாம் இருக்குது, ஓட்டறதுக்குத்தான் ஆளில்லை.

எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போங்க. இந்தப் பெட்ரோல் பங்குல இருக்கறவங்க எல்லாருமே சிரிச்சு முடிச்சுட்டாங்க.

எங்க வீட்டுலதான் ஓட்டிட்டு வந்தது. வசந்தாமணின்னு பேரு. பதினாலு வருசம் எங்க ஊர்ல ஸ்கூல் வேன் ஓட்டுனவ. சும்மா ஒரு பொழுதுபோக்குக்குத்தானுங்க. நான் மில்லுக்குப் போயிருவேன், வீட்டுல உக்காந்து என்ன பண்றதுன்னு ஓட்டுனா. அந்தக் காசுலதான் பொண்ணு இஞ்சினியரிங் படிச்சுது, அது வேற விசயம். கை சுத்தமுங்க அவளுக்கு. ஒரு கோடு விழாம வண்டிய சந்துக்குள்ள விட்டு எடுத்துருவா. நான் அதப் பெருமையாத்தான் சொல்லுவேன். யாரு கேட்டாலும் சொல்லுவேன். அவகிட்டச் சொன்னதில்லை, வீட்டுல இருக்கறவங்ககிட்டப் போயி யாரு அதெல்லாம் சொல்லிட்டு இருப்பாங்க?

நான் மில்லுல அக்கவுண்ட்ஸ்ங்க. முப்பத்தஞ்சு வருசம். ரிட்டையர் ஆனா அவனவன் எடம் வாங்குவான், இல்லாட்டி வீட்டுக்கு மேல ஒரு மாடி எடுப்பான். எனக்கு ஊர் சுத்தோணும்னு ஆசை. போன்ல நீங்களும் பாத்திருப்பீங்க, வெள்ளைக்காரங்க புருசனும் பொண்டாட்டியும் வண்டியிலயே குடும்பம் நடத்தறாங்க. மலை ஓரமா நிறுத்திப்போட்டு, சேரப் போட்டு உக்காந்து காப்பி குடிக்கறாங்க. அதப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியமே புடிச்சுருச்சு. ஒரு வருசம் சுத்தறது. மேக்க புடிச்சு, வடக்க ஏறி, காசி போயி, கெழக்கால எறங்கி ஊருக்கு வந்து சேர்றது. அவளுந்தான். அவளுக்கும் சேத்துத்தானுங்க இந்த ஏற்பாடே.

அதுக்கு ரண்டு வருசம் பட்ஜெட் போட்டேன். பி.எஃப். காசுல வண்டி. மிச்சத்த டெபாசிட்டுல போட்டா மாசம் முப்பதாயிரம் வட்டி. அந்த முப்பதாயிரத்துக்குள்ள ரண்டு உசுரும் ஒரு வண்டியும் ஓடோணும். மொதலத் தொடவே கூடாது, அதுதான் சட்டம். பாதிக்கு மேல டீசல் குடிச்சுரும். அப்புறம் டோல்கேட்டு, மளிகை, கேஸ், மருந்து, வண்டி ரிப்பேரு, கடைசியா இதரம்னு ஒண்ணு. இதரத்துல ரண்டாயிரம் போட்டிருந்தேன். எங்க மில்லு ஆடிட்டர்கிட்டக் கொண்டு போயிக் காட்டுனனுங்க. மனுசன் கண்ணாடியக் கழட்டிப் போட்டுட்டு, "நல்லசிவம், இதுல ஒரு ஓட்டை இல்லையப்பா"ன்னாரு. அவரு வாயில அந்த வார்த்தை வாங்கறது லேசுப்பட்ட காரியமில்லை.

எல்லாரும் எங்க தப்புப் பண்றாங்கன்னு கேளுங்க. டிரைவர் வெப்பாங்க. சம்பளம், படிக்காசு, படுக்க எடம். அப்புறம் ஓட்டல் சாப்பாடு. ரண்டும் சேந்து பாதி பட்ஜெட்ட முழுங்கிரும். நமக்கு டிரைவரும் வீட்டுலயே இருக்குது, சமையலும் வீட்டுலயே இருக்குது. மில்லுல இருந்து வந்து பாத்த ஆளுகளெல்லாம் குடுத்து வெச்சவன்யா நீன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அப்புறம் கக்கூசு. கரூர்க்காரன் வண்டிக்குள்ளயே வெச்சுத் தர்றேன், அறுபதாயிரம் ஆகும்னான். எதுக்குங்க? ரோட்டுல எறங்குனா எட்டு மைலுக்கு ஒரு பெட்ரோல் பங்கு. அறுபதாயிரம் நம்மளப் புடிச்ச கேடா? அந்த எடத்துல ஒரு அலமாரி அடிச்சு என்னோட ஃபைலெல்லாம் வெச்சுட்டேன். அவ கரூர்ல வண்டிக்குள்ள ஏறிப் பாத்தா, அலமாரியத் தொறந்து பாத்தா, மூடுனா. "சரீங்க"ன்னா. அவ எப்பவுமே எதுத்துப் பேச மாட்டா. அது ஒரு நல்ல கொணம்.

சொன்னா நம்ப மாட்டீங்க, தண்ணிச் செலவு கூட நான் எழுதுனதவிடக் கம்மியாத்தான் வந்துச்சு. அவ பகல்ல தண்ணியே குடிக்க மாட்டா. ஒரு கேனு வாரத்துக்கு வரும்னு எழுதியிருந்தேன், பத்து நாளைக்கு மேல வருது. பங்குல பொம்பளைங்க பக்கம் பாதி எடத்துல பூட்டிக் கெடக்குமாம், சாவி கேட்டா மொறைப்பாங்களாம். நமக்கென்னங்க தெரியும், நம்ம பக்கம் தொறந்துதான் இருக்குது.

நல்லாத்தானுங்க போயிட்டு இருந்துச்சு. ரண்டு மாசம். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுருவா. காப்பி வெச்சு, டிபன் பண்ணி, மத்தியானத்துக்கும் சோறு ஆக்கி எறக்கி, கண்ணாடி தொடைச்சு, டயரத் தட்டிப் பாத்துட்டு ஸ்டியரிங்ல உக்காந்தான்னா உச்சி வெயில் வரைக்கும் ஓட்டுவா. சாயங்காலம் துணி துவைக்கறது, ராத்திரிச் சமையலு. நானும் சும்மா உக்காந்திருக்கலீங்க. கணக்கு யாரு எழுதறது? வழி யாரு சொல்றது? போன்ல அந்தப் பொம்பள எடது பக்கம் திரும்புன்னு இங்கிலீசுல சொல்லுவா, அத நான் தமிழ்ல சொல்லோணும். அதுலயும் ஒரு அலுப்பு இருக்குதுங்க, ஓட்டறவங்களுக்குத் தெரியாது.

கோகர்ணத்துல கடற்கரை ஓரமா நிறுத்துனோம். ரண்டு சேர எடுத்துப் போட்டேன். போன்ல பாத்தனே, அதே மாதிரி. சூரியன் எறங்குது, கடலெல்லாம் ஒரே செவப்பு. "என்ன வசந்தா, எப்பிடி?"ன்னு திரும்பிப் பாத்தா, சேர்ல உக்காந்தமேனிக்குத் தூங்கறா. வாயி தொறந்திருக்குது. தட்டி எழுப்பி, அதப் பாருன்னு காட்டுனேன். பாத்தா. "ஆமாங்க"ன்னா. மறுபடியும் தூங்கிப் போயிட்டா. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சுங்க. இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு தூரம் கூட்டியாந்து, ஒரு மனுசிக்கு அந்த ரசனை இல்லாமப் போச்சேன்னு.

அங்கிருந்து மலையேறி இந்தப் பக்கம் வர்றப்பத்தான் காச்சல். ஒரு சின்ன டவுனுல டாக்டரம்மாகிட்டக் காட்டுனோம். என்னமோ நீர்க்கடுப்பாம், கிருமி ஏறிருச்சாம். டாக்டரம்மா கன்னடத்துல என்னயப் பாத்து ஒரு பாட்டம் பேசுச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. அவளுக்குப் புரியும், போற எடத்துல காய்க்காரி, தண்ணி புடிக்கறவங்கன்னு பேசிப் பேசிக் கத்துக்கிட்டா. என்ன சொல்லுதுன்னு கேட்டேன். "தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுதுங்க, ரண்டு நாளைக்குப் படுத்து எந்திரிக்கச் சொல்லுது"ன்னா. அவ்வளவு நேரம் பேசுனதுக்கு அவ்வளவுதானான்னேன். "அவ்வளவுதானுங்க"ன்னா.

வெளிய வந்து மாத்திரை வாங்கிட்டு நிக்கறப்பக் கேட்டா. அவ வாயத் தொறந்து ஒண்ணு கேட்டது அதுதான், பொய் சொல்லக் கூடாது. "ஏனுங்க, ஒரு லாட்ஜில ரண்டு நாளைக்கு ரூம் போட்டுக்கலாங்களா? கக்கூசு இருக்கற ரூமா?"ன்னா. நான் மாட்டேன்னு சொல்லலீங்க. நீங்களே கேளுங்க, நான் என்ன சொன்னேன்னு. இந்த மாசம் இதரம் தீந்துருச்சு, எனக்கு ஒரு பைனாகுலர் வாங்குனதுல போயிருச்சு. இன்னம் நாலு நாளுதான், ஒண்ணாந்தேதி பொறந்துட்டா அடுத்த மாச இதரத்துல போட்டுக்கலாம், அதுவரைக்கும் பொறுத்துக்க, நல்ல பங்காப் பாத்து நிறுத்திக்கலாம்னேன். தப்புங்களா? மருந்துக் கணக்குல போடலாமான்னு கூட யோசிச்சனுங்க. ஆனா லாட்ஜு பில்ல எப்பிடி மருந்துல காட்டறது? நாளைக்கு எடுத்துப் பாத்தா நமக்கே அசிங்கம்.

"சரீங்க"ன்னா.

சண்டை போட்டிருந்தாக் கூட எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. ஒரு பாத்திரத்தத் தூக்கி வீசியிருந்தா, நாலு வார்த்தை பேசியிருந்தா, சரி, கோவத்துல இருக்கறான்னு ரூம் போட்டிருப்பேன். சரீங்கன்னு சொன்னா சரின்னுதான அர்த்தம்?

மறுநாளு வெடிகாலம் கெளம்பி ஓட்டிட்டு வந்தா. ஹூப்ளி தாண்டி, இந்த பங்குக்குள்ள விட்டா. காத்து அடிச்சா. டீசல் போட்டா. மரத்தடியாப் பாத்து, மத்தியானத்துக்கு மேலயும் நெழல் விழுகற மாதிரி, முன்ன பின்ன எடுத்து நிறுத்துனா. உள்ள போயி சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்தா. நான் முன் சீட்டுல உக்காந்து டீசல் கணக்க எழுதிட்டு இருந்தேன். ஒரு பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து ஜன்னலுக்குக் கீழ நின்னா.

"நான் ஊருக்குப் போறனுங்க"ன்னா.

நான் தயிர் வாங்கப் போறாளாக்கும்னு தலைய நிமுத்தாமயே "ம்"ன்னுட்டேன். அப்புறந்தான் ஊருங்கற வார்த்தை மண்டையில ஏறுச்சு. "அப்ப வண்டி?"ன்னு கேட்டேன். "நீங்க பாத்துக்குங்க"ன்னா. ரோட்டத் தாண்டுனா. ஒரு பஸ்ஸு வந்துச்சு, கைய நீட்டுனா, ஏறிப் போயிட்டா. நான் பாத்துட்டே உக்காந்திருக்கேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வருவான்னு நெனச்சேன். பொழுதோட வருவான்னு நெனச்சேன். பஸ் டிக்கெட்ட எதுல எழுதறதுன்னு தெரியாம ஒரு வரி காலியா விட்டு வெச்சேன், வந்ததும் கேட்டு எழுதிக்கலாம்னு. இன்னம் காலியாத்தான் கெடக்குது. எனக்கு இன்னொரு வெசனம் என்னன்னா, டிக்கெட்டுக்கு அவளுக்குக் காசு ஏது? எங்கணக்குல இருந்து ஒத்தை ரூவா போகலை. தனியா வெச்சிருந்திருக்கறா பாருங்க. எத்தனை வருசமா வெச்சிருந்தாளோ.

வீடு போயிச் சேந்துட்டா. பொண்ணு வந்து கூட இருக்குது. அவளுக்குப் போன் போட்டா எடுக்கறதில்லை. பொண்ணுக்குப் போட்டா, "அம்மா தூங்கறாங்கப்பா"ங்குது. காலையில போட்டேன், தூங்கறாங்க. மத்தியானம் போட்டேன், தூங்கறாங்க. நேத்து சாயங்காலம் விளக்கு வெக்கற நேரத்துல போட்டா, அப்பவும் தூங்கறாங்க. ஏனுங்க, போயிச் சேந்து ரண்டு நாளா ஒரு மனுசி இப்பிடியா தூங்குவா? என்னமோ இத்தனை வருசமாத் தூங்காத ஆளாட்டம்? நான் கோவமாச் சொன்னேன், அம்மாவ எழுப்பிக் குடு, வண்டி நடு ரோட்டுல நிக்குதுன்னு. "நீங்க எப்பிடி வருவீங்களோ வந்துருங்கப்பா, அம்மாவ எழுப்ப மாட்டேன்"ன்னு வெச்சுருச்சு. நான் படிக்க வெச்ச பொண்ணுங்க.

மூணு நாளா பன்னும் டீயுந்தான். அடுப்பு எனக்குப் பத்த மாட்டேங்குது. எங்கியோ ஒரு திருகு இருக்குது, அத அடைச்சு வெச்சுட்டுப் போயிருக்கறா, அது எங்கன்னு தெரியலை. மேல டேங்குல தண்ணி தீந்து போச்சு, எந்தக் குழாய எதுல மாட்டி ஏத்துவான்னு பாத்து வெக்காமப் போயிட்டேன். எனக்கு இந்த வண்டியில எது எவ்வளவு வெலைன்னு தெரியும், ஒரு ஆணி வரைக்கும் தெரியும். எது எப்பிடி வேலை செய்யுதுன்னு தெரியாதுங்க. இப்பத்தான் அது எனக்கே தெரிஞ்சுது.

முந்தாநாளு ஓட்டிப் பாத்தேன். பாத்த மாதிரித்தான இருக்குது, ரண்டு மாசமாப் பக்கத்துலயே உக்காந்திருந்தமேன்னு. சாவியத் திருகுனேன், ஒரு குதி குதிச்சுது பாருங்க, நேராப் போயி அந்தத் தண்ணித் தொட்டியில முட்டிருச்சு. முன்னாடி பம்பர் நசுங்கியிருக்கறது அதுதான். பங்குல இருக்கறவங்க நாலு பேரு சேந்து தள்ளி மறுபடி மரத்தடிக்குக் கொண்டாந்தாங்க. மேனேஜரு வந்து கத்துனாரு. இன்னைக்கு காலையில மறுபடி வந்து, கைய இப்பிடி இப்பிடி ஆட்டி, சாயங்காலத்துக்குள்ள எடுத்தாகோணும்ங்கறாரு. டேங்கர் லாரி வருதாம், திரும்பறதுக்கு எடம் பத்தாதாம். எங்கீங்க எடுக்கறது? நான் எங்க எடுத்துட்டுப் போவேன்? கட்டில்ல படுத்தா, மேல பேன் சுத்தறதப் பாத்துட்டே கெடக்கறேன். பயமா இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அழுகையே வந்துருச்சு. மில்லுல கோடிக்கணக்குல வரவு செலவு பாத்தவன், இந்த மூணு சக்கரத்து... நாலு சக்கரத்துக்கு முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாம உக்காந்திருக்கேன்.

அதனால கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க எப்பிடியும் அந்தப் பக்கந்தான போறீங்க? நம்ம வண்டிய ஓட்டிட்டுக் கோபி வரைக்கும் வந்துருங்க. பஸ் காசு உங்களுக்கு மிச்சம். படுக்கக் கட்டில் இருக்குது. கூலியா? இல்லீங்க, நான் என்ன நெனச்சேன்னா, போற வழிதானேன்னு... சரி சரி, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. எதாச்சும் பேசி முடிச்சுக்கலாம்.

வண்டி எப்பிடி இருக்குதுன்னு ஓட்டுனவங்களக் கேக்கோணுங்களா? அது நாயந்தான். தெரியாத வண்டிய எப்பிடி எடுப்பீங்க. ஆனா எம்போன்ல போட்டா எடுக்க மாட்டாளே. உங்க போன்லயா? போடுங்க, நம்பர் சொல்றேன். புது நம்பர்னா ஒருவேளை எடுப்பா.

அடிக்குதுங்களா?

எடுத்துட்டாளா? நான்தான் பக்கத்துல இருக்கறேன்னு சொல்லுங்க. சொல்லீட்டீங்களா? என்ன சொல்றா? சரி, சரி, நீங்க பேசுங்க.

...

என்னங்க, சிரிக்கறீங்க? அவளா சிரிக்கறா? அவ சிரிப்பு எனக்கு இங்க வரைக்கும் கேக்குதுங்க. இவ்வளவு நேரம் யாருகிட்டயும் பேச மாட்டாளே. காச்சல் எப்பிடி இருக்குதுன்னு கேளுங்க. வெச்சுட்டாளா? கேக்கறதுக்கு முன்னாடியேவா? ஒரு நிமிசம் குடுத்திருக்கலாமேங்க எங்கிட்ட. இல்ல, பரவால்ல.

என்னங்க சொன்னா? கிளட்ச்சா? கொஞ்சம் மேல புடிக்குமா. சரி. மேட்டுல ஏறறப்ப ரேடியேட்டரப் பாத்துக்கோணுமா. சரி. கேஸ் திருகு கட்டிலுக்கு அடியிலயா? அட, அங்கியா வெச்சிருக்குது. அப்புறம்? என்னையப் பத்தி? சாப்பிட்டனா, எப்பிடி இருக்கறேன்னு ஒண்ணும்... கேக்கலீங்களா.

சரி. தூக்கக் கலக்கமா இருக்கும்.

வேற? கூலிய முன்னாடியே எண்ணி வாங்கிக்கச் சொன்னாளா? வசந்தாமணியா சொன்னா? நான் என்ன ஏமாத்தற ஆளுங்களா? எவ்வளவாம்? ஒரு நாளைக்கு ரண்டாயிரமா? சாப்பாடு தனி. ராத்திரி ஓட்ட மாட்டீங்க, லாட்ஜில ரூம் போட்டுத் தரோணும். அவளேதான் சொன்னாளா? அவளுக்கு எப்பிடீங்க டிரைவர் கூலியெல்லாம் தெரியும்? நான் பட்ஜெட்டுல அப்பிடி ஒரு வரியே எழுதலையே.

தர்றனுங்க. டெபாசிட்டு மொதல்ல இருந்து எடுத்துத்தான் தரோணும், தர்றேன். வேற வழி? இந்தாங்க, எண்ணிக்குங்க.

இன்னம் என்னமோ சொன்னாங்கன்னு இழுக்கறீங்களே, சொல்லுங்க. நான் உங்களையச் சமைக்கச் சொன்னா, பாத்திரம் கழுவச் சொன்னா, மாட்டேன்னு சொல்லீருங்கன்னாளா?

என்னங்க இது, அவ இப்பிடிப் பேசறா. உங்களையப் போயி நான் சமைக்கச் சொல்லுவனுங்களா? நாளெல்லாம் இந்த வெயில்ல வண்டி ஓட்டிப்போட்டு, முதுகு ஒடிஞ்சு வந்து எறங்கற ஆள, அடுப்புப் பத்த வெய்யின்னு சொல்றதுக்கு நான் என்ன அவ்வளவு ஈவிரக்கமில்லாதவனுங்களா?